பழைய பணத்தாள் மாற்றம்: ஜெர்மன் மார்க்கும் இத்தாலிய லிராவும்

ஒரு நாடு தன் பணத்தையே கைவிட்டுப் புதிய பணத்துக்கு மாறும்போது, மக்கள் கையில் எஞ்சியிருக்கும் பழைய தாள்களை வாங்கிக்கொண்டு அவற்றுக்கு ஈடான புதிய பணத்தை அந்நாட்டு மத்திய வங்கி கொடுப்பது பழைய பணத்தாள் மாற்றம் ஆகும். இந்தியாவில் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டது வேறு வகை. அங்கே சில தாள்கள் மட்டும் விலக்கப்பட்டன. ரூபாய் அப்படியே இருந்தது. இக்கட்டுரை பேசுவது, பணத்தின் பெயரே வழக்கொழிந்து போகும் நிலையைப் பற்றி. அண்மைக் காலத்தில் இது மிகப் பெரிய அளவில் நடந்தது ஐரோப்பாவில், யூரோ வந்தபோது.

யூரோ 1999 சனவரி 1 அன்று கணக்குப் பணமாக மட்டும் தொடங்கியது. தாள்களும் காசுகளும் 2002 சனவரி 1 முதல் 12 நாடுகளில் புழக்கத்துக்கு வந்தன. ஜெர்மனியின் மார்க், 2001 டிசம்பர் 31 நள்ளிரவோடு சட்டப்படி செல்லும் பணம் என்ற தகுதியை இழந்தது. ஆனாலும் வணிகர்களும் வங்கிகளும் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, 2002 பிப்ரவரி இறுதி வரை கடைகள் மார்க்கை வாங்கிக்கொண்டன.

இங்கே மாணவர்கள் இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு தாள் கடையில் செல்லாமல் போவது ஒன்று. அதற்கு மதிப்பே இல்லாமல் போவது வேறொன்று. பணத்தாள் என்பது மத்திய வங்கி பட்டிருக்கும் கடன். வங்கியின் கணக்கேட்டில், புழக்கத்தில் உள்ள தாள்கள் பொறுப்புப் பக்கத்தில்தான் எழுதப்படுகின்றன. கடையில் செல்லாவிட்டாலும், வெளியிட்ட வங்கி அந்தக் கடனை ஒப்புக்கொள்ளும் வரை தாளுக்கு மதிப்பு உண்டு. எத்தனை காலம் ஒப்புக்கொள்வது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்தது.

ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் காலவரம்பு எதையும் வைக்கவில்லை. 1948 முதல் வெளியான மார்க் தாள்களை எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும், எவ்வளவு கொண்டுவந்தாலும், கட்டணமின்றி மாற்றித் தருகிறது. மாற்று வீதம் 1 யூரோவுக்கு 1.95583 மார்க். 100 மார்க் தாளுக்கு 51.13 யூரோ கிடைக்கும். 1000 மார்க் தாளுக்கு 511.29 யூரோ. அன்றாடச் சந்தையில் ஏறி இறங்கும் வீதம் அல்ல இது. 1998 டிசம்பர் 31 அன்று ஒரே முறை நிலைநிறுத்தப்பட்டது.

வீதத்தில் ஏன் இத்தனை இலக்கங்கள் என்று கேட்கலாம். எல்லா நாடுகளின் வீதங்களும் ஆறு பொருளுறு இலக்கங்களில் அமைய வேண்டும், அவற்றைச் சுருக்கக் கூடாது, தலைகீழ் வீதத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஒருவர் 1 மார்க் என்பது 0.51 யூரோ என்று சுருக்கிக்கொண்டு 1000 மார்க்கைக் கணக்கிட்டால் 510 யூரோதான் வரும். 1 யூரோ 29 சென்ட் காணாமல் போய்விடும். கோடிக்கணக்கான மக்களின் சேமிப்பை மாற்றும்போது இது சின்னத் தொகை அல்ல. பின்னங்களும் முழுமையாக்கலும் நடத்தும் வகுப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இன்னும் ஏறக்குறைய 1,200 கோடி மார்க், அதாவது 600 கோடி யூரோவுக்கு மேல், வங்கிக்குத் திரும்பவில்லை. காணாமல் போனவை, சேகரிப்பாளர்களிடம் இருப்பவை, இறந்தவர்களின் வீட்டை ஒழிக்கும்போது புத்தகத்துக்குள்ளிருந்து விழக் காத்திருப்பவை என எல்லாம் இதில் அடக்கம். வெளிநாடுகளிலும் நிறைய உண்டு. கொசோவோவும் மாண்டினீக்ரோவும் யூரோவுக்கு முன் மார்க்கையே புழங்கின. 1980களில் மேற்கு ஜெர்மனிக்கு ஏதிலிகளாகச் சென்ற ஈழத் தமிழர்கள் சம்பளம் வாங்கியதும் மார்க்கில்தான். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் ஒன்றிரண்டு தாள்கள் இருந்தால் வியப்பில்லை.

இத்தாலியின் கதை வேறு. லிராவை மாற்ற அங்கே பத்தாண்டு அவகாசம் தரப்பட்டு, 2012 பிப்ரவரி 28 கடைசி நாளாகச் சட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தது. கடன் நெருக்கடியில் நாடு தவித்தபோது, மாரியோ மோன்டியின் அரசு 2011 டிசம்பர் 6 அன்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அன்றோடு மாற்றம் நிறுத்தப்பட்டது. திரும்பாத லிராவின் மதிப்பு அரசு கருவூலத்துக்குப் போனது. வங்கியின் ஏட்டில் இருந்த கடன் ஒரே நாளில் அரசின் வரவாக மாறிவிட்டது. இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது என்று நம்பியிருந்தவர்கள் கையில் வெறும் காகிதம் மிஞ்சியது.

இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2015 நவம்பரில் இந்த ஏற்பாடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தை நம்பியவரின் நம்பிக்கையைத் திடீரெனக் குலைக்க முடியாது என்பதே அதன் சாரம். ஆனால் 2016 சனவரியில் மாற்றம் மீண்டும் தொடங்கியபோது ஒரு நிபந்தனை இருந்தது. இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு வாரத்தில் மாற்றித் தரும்படி கேட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். கதவு மூடியாயிற்று என்று அரசே அறிவித்த பிறகு எத்தனை பேர் போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள்? தட்டியவர்களிலும் எத்தனை பேர் அதை எழுத்தில் வாங்கி வைத்திருப்பார்கள்? 5,00,000 லிராத் தாள் ஒன்றின் மதிப்பு 258.23 யூரோ. அரசின் சொல்லைக் கேட்டு வீட்டிலேயே இருந்தவருக்கு நீதிமன்றத்தில் வென்றும் அது கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளில் பிரான்சு 2012 பிப்ரவரி 17 அன்றும், கிரீஸ் அதே ஆண்டு மார்ச் 1 அன்றும், ஸ்பெயின் 2021 சூன் 30 அன்றும் மாற்றத்தை முடித்துக்கொண்டன. நெதர்லாந்தின் கில்டர் தாள்களுக்கு 2032 சனவரி 1 வரை அவகாசம் உண்டு. அயர்லாந்தும் பெல்ஜியமும் தாள்களுக்குக் கெடு வைக்கவில்லை. பெல்ஜியத்தின் காசுகளுக்கு மட்டும் 2004 இறுதியோடு காலம் முடிந்தது. ஆஸ்திரியாவிலும் கெடு இல்லை என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எர்வின் ஷ்ரோடிங்கரின் படம் கொண்ட பழைய 1000 ஷில்லிங் தாள் 2018 ஏப்ரலோடு மதிப்பிழந்தது. ஆகவே நாட்டின் பெயரை மட்டும் பார்க்காமல், எந்த வரிசைத் தாள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மாற்றுவதற்குச் சாதாரண வங்கியையோ விமான நிலைய நாணயமாற்றுக் கடையையோ நம்பிப் பயனில்லை. வெளியிட்ட மத்திய வங்கியைத்தான் நாட வேண்டும். மார்க்கைப் புண்டஸ்பாங்க்கின் கிளைகளில் நேரிலும் கொடுக்கலாம், விண்ணப்பத்தோடு தபாலிலும் அனுப்பலாம். தாள் கிழிந்திருந்தால் பாதிக்கு மேற்பட்ட பகுதி கையில் இருக்க வேண்டும். இல்லையேல் மீதி அழிந்துவிட்டது என்று மெய்ப்பிக்க வேண்டும். மாற்றும் முன் சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டுவதும் நல்லது. சில பழைய தாள்களுக்கு அவர்கள் தரும் விலை வங்கி தருவதைவிடக் கூடுதல்.

தாளில் 'மார்க்' என்று இருப்பதாலேயே அது மாற்றத்தக்கது ஆகிவிடாது. 1948க்கு முந்தைய ரைஹ்ஸ்மார்க் இதில் சேராது. கிழக்கு ஜெர்மனியின் மார்க்கும் சேராது. அது 1990 சூலை 1 அன்று மேற்கின் மார்க்காக மாற்றப்பட்டது. வயதுக்கேற்ப 2,000 முதல் 6,000 வரையிலான தொகை ஒன்றுக்கு ஒன்றாகவும், மீதிச் சேமிப்பு இரண்டுக்கு ஒன்றாகவும் மாறியது. திரும்பப் பெற்ற கிழக்குத் தாள்களை எரிக்காமல், ஹால்பர்ஷ்டட் நகருக்கு அருகே ஒரு சுரங்கத்தில் கொட்டி அடைத்தார்கள். தானாக மக்கிவிடும் என்பது கணக்கு. மக்கவில்லை. 2001இல் சிலர் உள்ளே புகுந்து அள்ளிச் சென்ற பின், 2002இல்தான் எஞ்சியவை எரிக்கப்பட்டன. அச்சிடப்பட்டும் புழக்கத்துக்கே வராத 200, 500 மார்க் தாள்களும் அப்படி வெளியே வந்தன. வங்கியில் ஒரு சென்ட்டும் பெறாத அந்தத் தாள்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.