"மக்கு" என்று சொல்வதற்கு முன்...

காலாண்டுப் பரீட்சை முடிந்து ராங்க் கார்டு வீட்டுக்கு வந்தால் போதும், பல வீடுகளில் அன்றைக்குச் சாப்பாடே ருசிக்காது. "எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறலையே!" என்று அங்கலாய்க்கிறோம். டியூஷனுக்கு அனுப்புகிறோம். வல்லாரைக் கீரையைத் தேடி வாங்கித் துவையல் அரைக்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் குழந்தை தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அந்த வகுப்பறையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? எந்த பெஞ்சில் உட்காருகிறான், போர்டு தெரிகிறதா, டீச்சர் பேசுவது காதில் விழுகிறதா, சந்தேகம் வந்தால் எழுந்து கேட்கத் தைரியம் இருக்கிறதா?

குழந்தையின் மூளையைக் குறை சொல்வதற்கு முன், இந்தக் கேள்விகளுக்கு நாம் பதில் தேடவேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

காதில் விழுந்தால்தானே மனசில் பதியும்?

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஒரு பக்கத்தை ஒட்டினாற்போல் மேம்பாலத்தில் ரயில் ஓடும். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் தடதடவென்று ரயில் போகும்போதெல்லாம் டீச்சர் பேச்சை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் கத்தவேண்டும். மறுபக்கத்து வகுப்புகளிலோ ஒரே அமைதி. ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற மனோதத்துவ நிபுணர் இரண்டு பக்கத்துக் குழந்தைகளின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டு, 1975-ல் முடிவை வெளியிட்டார். ரயில் பக்கத்துக் குழந்தைகள் ஆறாம் வகுப்பை எட்டும்போது ஏறக்குறைய ஒரு வருஷப் படிப்பு பின்தங்கியிருந்தார்களாம்! அதே பள்ளி, அதே பாடம். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளை வைத்தார்கள். வகுப்புகளின் உட்கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினார்கள். 1981-ல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டிருந்தது.

நம் ஊரில் ரயில்தான் வேண்டுமென்பதில்லை. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கோயில் ஒலிபெருக்கி, ஒரே ஹாலைத் தட்டி வைத்துத் தடுத்த இரண்டு வகுப்புகள், இவையே போதும். சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் குழந்தைக்குக் கேட்கவேண்டுமா? பாவம், பாதிப் பாடம் காற்றோடு போய்விடும்.

கண் விஷயமும் இப்படித்தான். எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி மூன்றாம் வகுப்பு. போர்டைப் பார்த்து எழுதினால் நடுவில் இரண்டு வரி காணாமல் போகும். நோட்டில் "கவனம் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதி எழுதி அனுப்பினார்கள். கடைசியில் கண் டாக்டரிடம் காட்டினால் கிட்டப் பார்வை! கண்ணாடி போட்டு, முன் பெஞ்சுக்கு மாற்றிய பிறகு ஒரு வரி விடுவதில்லை. அதுவரை அந்தக் குழந்தை வாங்கிய திட்டுகளை யார் திரும்ப எடுத்துக்கொள்வது?

எல்லோரையும் முன் பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா என்பீர்கள். 2025-ல் நம் பள்ளிக் கல்வித் துறை, பெஞ்சுகளை 'ப' எழுத்து வடிவில் போடலாம் என்று யோசனை சொன்னது. கடைசி பெஞ்சு என்பதே இருக்காது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். பக்கவாட்டில் உட்காரும் குழந்தைக்குக் கழுத்து வலிக்காதா, போர்டு சரியாகத் தெரியுமா என்றும் சிலர் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை இடத்தை மாற்றி உட்கார வைத்தால் காசு செலவில்லாமல் பாதிக் குறை தீரும்.

டீச்சரின் நம்பிக்கை

பெஞ்சையும் போர்டையும் விடப் பெரிய விஷயம், டீச்சர் குழந்தையைப் பார்க்கும் பார்வை. ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்ஸன் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் சோதனை ஒன்று செய்து, 1968-ல் புத்தகமாக எழுதினார்கள். குழந்தைகளுக்கு ஒரு பரீட்சை வைத்து, "இன்னின்ன குழந்தைகள் இந்த வருஷம் நன்றாக முன்னேறப் போகிறார்கள்" என்று டீச்சர்களிடம் பெயர்ப் பட்டியல் கொடுத்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி எடுத்தவைதான்! ஆனாலும் வருஷக் கடைசியில், முக்கியமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். பலன் அவ்வளவு பெரிதல்ல என்று பிற்பாடு வந்த ஆராய்ச்சியாளர்கள் வாதாடினார்கள். அது இருக்கட்டும். "இவனுக்கு வரும்" என்று நம்புகிற டீச்சர் இன்னொரு தடவை சிரித்த முகத்தோடு சொல்லிக் கொடுப்பார், "இவனுக்கு வராது" என்று முடிவு கட்டியவர் அடுத்த பையனிடம் போய்விடுவார். இது நமக்குத் தெரியாததா என்ன?

மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்புகளில் நடக்கும் கேள்வி பதிலை ஒலிப்பதிவு செய்து கவனித்தார். கேள்வி கேட்ட பிறகு பதிலுக்காக டீச்சர் காத்திருந்தது சுமார் ஒரே ஒரு விநாடி! அதை மூன்று விநாடியாக்கச் சொன்னார். குழந்தைகளின் பதில் நீளமாயிற்று. "தெரியாது" என்பது குறைந்தது. பேசாத பிள்ளைகளும் வாயைத் திறந்தார்கள். வீட்டில் வாய்ப்பாடு கேட்கும்போது நாமும் இதைச் செய்து பார்க்கலாம். ஏழெட்டு எத்தனை என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அதற்குள் கரண்டியை ஓங்காதீர்கள்!

நம் ஊரிலேயே

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் ரிஷி வேலி பள்ளியினர் கிராமக் குழந்தைகளுக்காக உருவாக்கிய முறை அதற்கு வழிகாட்டி. டீச்சரும் பாயில் உட்கார்ந்தார். குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படி ஏறிப் படித்தார்கள். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. நாலு நாள் காய்ச்சலில் படுத்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலைக்கு ஏற்பச் சொல்லித் தருகிறார்கள். பேரைப் பாருங்களேன், அரும்பு! மக்கு என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

நாம் செய்யவேண்டியது

1. "இன்னிக்கு என்ன மார்க்?" என்று ஆரம்பிக்காமல், "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே? டீச்சர்கிட்ட என்ன கேட்டே?" என்று விசாரியுங்கள். பாதிக் கதை தானே வெளியே வந்துவிடும்.

2. வருஷத்துக்கு ஒரு முறை கண்ணையும், சந்தேகம் இருந்தால் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டி.வி.யை ஒட்டி உட்காருவது, கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் அறிகுறிகள்.

3. டீச்சரைச் சண்டைக்காரியாகப் பார்க்காதீர்கள். நாற்பது பிள்ளைகளை மேய்ப்பவருக்கு உங்கள் குழந்தையின் கூச்சம் தெரியாமல் போகலாம். "இவளுக்குச் சத்தமாகக் கேட்டால் பயம் மிஸ், கொஞ்சம் பக்கத்துல கூப்பிட்டுக் கேளுங்க" என்று பக்குவமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

4. "அடியாத மாடு படியாது" என்று நாமே டீச்சரிடம் பிரம்பை எடுத்துக் கொடுக்கவேண்டாம். 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, மனசு நோகப் பேசி வதைப்பதையும் தடை செய்கிறது.

5. அதே சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும். மின்விசிறி ஓடவில்லை, வெளிச்சம் போதவில்லை, தண்ணீர் இல்லை என்றால் கேட்பதற்கு அதுதான் இடம். சமையல் வேலை இருக்கிறதென்று ஒதுங்காமல் கூட்டத்துக்குப் போங்கள்.

சகோதரிகளே, செடி வாடினால் விதையைத் திட்டுவோமா? மண்ணைப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோம், வெயில் படுகிறதா என்று தொட்டியை நகர்த்தி வைக்கிறோம். அந்தப் பொறுமையில் கொஞ்சம் நம் பிள்ளைகளுக்கும் கொடுப்போமே! அடுத்த தடவை பள்ளிக்கூடம் போனால், மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் குழந்தையின் இடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். போர்டு தெரிகிறதா?