கோப்பி அழிந்த மலைகளும் பேராதனையும்

பல்கலைக்கழகம் எதற்கு என வினவுவோர்க்கு, உத்தியோகம் பெறுதற்கு என விடையிறுத்து அமைவார் பலர். கண்டி மலைகளின் வரலாறோ வேறொரு விடை தருகின்றது.

1869 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத் துருநோய் தோன்றிற்று. அதனை ஆராயுமாறு கேம்பிரிட்ஜிற் பயின்ற இளைஞர் மார்ஷல் வார்டு 1880 இல் இங்கு அனுப்பப்பட்டார். இலையின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் டூளாகத் தோன்றுவன ஒரு பங்கசின் வித்திகள் என்றும், அவை காற்றிற் பரவி, ஈர இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுகின்றன என்றும் ஈராண்டுகளில் அவர் நிறுவினார். தோட்டத் துரைமார் வேண்டியது மருந்து. அவர் தந்ததோ காரணம். காற்றைத் தடுக்கும் மரச்செறிவு இடையிடையே இன்றி, மலை முழுதும் ஒரே பயிரை நட்டமையே நோய் பெருக வழிசெய்தது என்றார். கேட்போர்க்கு இனிய உரையன்று அது. கோப்பி அழிந்தது, தேயிலை மலைகளை மூடியது. அதுவும் ஒரே பயிர்தான்!

பிறர் விரும்பாததையும் ஆராய்ந்து கூறும் இவ்வுரிமைக்கு நிலையானதோர் இல்லம் வேண்டும். 1942 இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்கு வந்தது. 1961 இல் விஞ்ஞான பீடமும் அங்குத் தொடங்கிற்று. வெளிவாரியாகப் பட்டம் பெற்ற என் போன்றோர் அவ்வாய்வுகூடங்களை வெளியே நின்றே கண்டோம், அது பெரிதன்று. அக்கோப்பி இலைகளை நாடோறும் தொட்டு உழைத்தோர் தமிழகத்தினின்று வந்த தொழிலாளர். இன்றும் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை.