என்ஜின் வேலை பார்த்தும் ஆயில் கசிகிறதா?

வியாபாரத்துக்கு வைத்திருக்கும் பைக்குக்கு நாம் குழுக் கடனில் என்ஜின் வேலை பார்க்கிறோம். மாட்டிய கொஞ்ச நாளிலேயே ஆயில் கசிந்தால் பணமும் தண்டம், பொழப்பும் கெட்டுப்போகும்.

என்ஜினின் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கேஸ்கெட் இருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘பேக்கிங்’ என்பார்கள். நம்ம குக்கர் ரப்பர் மாதிரி இடைவெளியை அடைப்பதுதான் இதன் வேலை. வண்டியை விடும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி சரியாகப் பிடிக்காது. புதுசுதான் போட வேண்டும். பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. ஒட்டியிருக்கும் துணுக்குகளை எடுத்து, பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். உளியால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். அது வழியாகக் கசியும்.

3. அதிகச் சூட்டில் ஹெட் வளைந்திருக்கலாம். நேரான இரும்புச் சட்டம் வைத்து, மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கணும்.

4. ஹெட் போல்டுகளை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக, கம்பெனி புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

5. பேஸ்டை அள்ளிப் பூசக் கூடாது. உள்ளே பிதுங்குவது பிய்ந்துபோய் ஆயில் வழியை அடைக்கும்.

கேட்கத் தயங்காதீர்கள். கடனைக் கட்டப்போவது நாம்தானே!