டௌப்போ ஏரியின் பாறை முகம்

நியூசிலாந்து வடதீவின் நடுவே சுமார் 616 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் டௌப்போ ஏரி, ஓர் எரிமலையின் வாயில் தேங்கிய நீராகும். சுமார் 25,500 ஆண்டுகளுக்கு முன் இங்கு நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் ஆயிரம் கன கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறைக்குழம்பும் சாம்பலும் வெளியேறியதால், அடியில் வெற்றிடமாகிப்போன நிலம் உள்ளே சரிந்து பெரும் பள்ளமானது. இத்தகைய பள்ளத்தைப் புவியியலாளர் ‘கால்டெரா’ என்பர். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஒருமுறை பெரிதாக வெடித்த இந்த எரிமலை இன்றும் அணைந்துவிடவில்லை.

இந்த ஏரியின் வடகரையில், மைன் பே என்னும் குடாவில் நீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறையில், 10 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள ஒரு மனித முகம் செதுக்கப்பட்டுள்ளது. நெற்றியிலும் கன்னங்களிலும் முகவாயிலும் சுருள் சுருளாக ஓடும் ஆழமான கோடுகள், நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரி மக்களின் ‘டா மோகோ’ எனப்படும் முகப்பச்சையைக் காட்டுகின்றன. அணிபவரின் குலவழியையும் தகுதியையும் உணர்த்தும் அடையாளம் அது. அருகிலுள்ள தாழ்வான பாறைகளில் பல்லி முதலிய சிறிய உருவங்களும் உண்டு.

தோற்றத்தில் தொன்மையானதாகப் பட்டாலும், இச்சிற்பம் 1970களின் பிற்பகுதியில் மாட்டாஹி ஃபாக்கட்டாக்கா-பிரைட்வெல் என்ற மாவோரிச் சிற்பி, உதவியாளர் சிலருடன் சேர்ந்து செதுக்கியதாகும். முகத்துக்குரியவர் ஙாட்டோரோயிராங்கி. தெ அராவா என்னும் மரக்கலத்தைப் பசிபிக் கடல் கடந்து வழிநடத்தி வந்த ‘டொஹுங்கா’வாக, அதாவது சடங்கும் மறையறிவும் கைவந்த குருவாக, மாவோரி மரபு அவரைப் போற்றுகிறது, ஏரிப்பகுதியின் ஙாட்டி டூஃபாரெடோவா குலத்தார் அவரைத் தம் முன்னோராகக் கொள்கின்றனர். டொங்காரிரோ மலையுச்சியில் குளிரால் விறைத்து உயிர்போகும் நிலையில் அவர் எழுப்பிய வேண்டுதலைக் கேட்டு, தொலைவிலிருந்த தாயகமான ஹவாய்க்கியிலிருந்து சகோதரிகள் அனுப்பிய நெருப்பு, நிலத்தடியே வந்து வழியெங்கும் வெந்நீரூற்றுகளையும் எரிமலைகளையும் உண்டாக்கியது என்பது மரபுக்கதை. அவ்வகையில், எரிமலை ஏரிக்கரையின் பாறை அவருடைய முகத்துக்கு மிகப் பொருத்தமான இடமே.

சிற்பத்தை நேரில் காண நீர்வழியே செல்ல வேண்டும். சுற்றுலாப் படகுகள் இருந்தாலும், இருமுனைத் துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கில் செல்வதற்குத் தனிச் சிறப்புண்டு; நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்திருப்பவர் பாறையடிக்கே சென்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் முகத்தின் உயரமும் உளி பதிந்த ஆழமும் முழுமையாகப் புலப்படும். பரந்த இவ்வேரியில் காற்று எழுந்தால் விரைவில் அலை உயரும், நீரும் குளிர்ந்தது. எனவே வானிலை அறிந்து, உயிர்காப்பு அங்கி அணிந்து, கூடியவரை காலையிலேயே புறப்படுவது நன்று.

பழமை இல்லை என்பதால் இச்சிற்பத்தின் மதிப்பு குறைந்துவிடாது. மாவோரிச் செதுக்குக்கலை இன்றும் வாழ்கிறது என்பதற்கு அதுவே சான்று. காணச் செல்வோர், ஒரு குலத்தார் முன்னோராக மதிப்பவரின் உருவம் இது என்பதை நினைவில் கொண்டு, பாறைமேல் ஏறாமலும் எதையும் கீறாமலும் கண்டு திரும்புவதே முறை.