குழியும் குறிப்பேடும்

இங்கிலாந்தில் சாலைப் பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் இறங்கிக் கையை ஒடித்துக்கொண்டவர், அந்தச் சாலையைப் பராமரிக்கும் அமைப்பிடம் நஷ்டஈடு கேட்கலாம். மோட்டார்வேக்களும் முக்கியமான ஏ சாலைகளும் நேஷனல் ஹைவேஸ் வசம் உள்ளன; மற்றவை பெரும்பாலும் உள்ளாட்சிக் கவுன்சில்களின் பொறுப்பு. கவுன்சில் இரண்டு அடுக்காக உள்ள பகுதிகளில் குப்பை அள்ளுவது மாவட்டக் கவுன்சில், சாலை போடுவது கவுண்டி கவுன்சில். மனுவை எந்த வாசலில் கொடுப்பது என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடும்.

1960-களின் தொடக்கம் வரை நிலைமை விசித்திரமாக இருந்தது. பள்ளத்தைத் தப்பும் தவறுமாக மூடி, அதனால் ஒருவர் விழுந்தால் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். மண்வெட்டியையே தொடாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்க முடியாது. 1961-இல் இயற்றப்பட்டு 1964-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்தப் பாதுகாப்பை நீக்கியது. இன்று நெடுஞ்சாலைகள் சட்டம், 1980-இன் 41-ஆம் பிரிவு பராமரிப்பைக் கடமையாக்குகிறது.

அதே சட்டத்தின் 58-ஆம் பிரிவுதான் கவுன்சிலின் கேடயம். நியாயமாக எடுக்க வேண்டிய முயற்சியை எடுத்தோம் என்று நிரூபித்தால் அது தப்பிக்கலாம். ஆகவே வழக்கு, குழியின் ஆழத்தோடு நிற்பதில்லை. ஆய்வாளர் கடைசியாக எந்தத் தேதியில் வந்தார், என்ன எழுதினார், புகார் வந்த பிறகு எத்தனை நாளில் ஆள் அனுப்பினார்கள் என்று குறிப்பேட்டைப் புரட்டுவதில்தான் முடிவு இருக்கிறது. வாகனப் பாதையில் 40 மில்லிமீட்டர், நடைபாதையில் சுமார் 20 மில்லிமீட்டர் ஆழமிருந்தால் சரிசெய்ய வேண்டும் என்று பல கவுன்சில்கள் அளவு வைத்திருக்கின்றன. இது சட்டம் விதித்த அளவல்ல, அவரவர் வகுத்துக்கொண்டது.

கையில் காசில்லை என்ற சமாதானம் மட்டும் செல்லாது. யார்க் நகரில் ஒரு சாலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றது வழிகாட்டி நெறி. கவுன்சில் ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்த்தது. சைக்கிளில் விழுந்தவர் தொடுத்த வழக்கில், நிதிப் பற்றாக்குறை 58-ஆம் பிரிவின்கீழ் காரணமாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது.

ஆனால் பற்றாக்குறை மெய்யானது. முதியோர் பராமரிப்பு போன்ற, தட்டிக்கழிக்க முடியாத சேவைகளே கவுன்சில் நிதியில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சியதில் தார் ஒட்டுப்போடுகிறார்கள். விரிசலில் இறங்கிய நீர் குளிரில் உறைந்து ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. பனி உருகியதும் உள்ளே வெற்றிடம், மேலே லாரிச் சக்கரம். ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி நீர் இறங்கும். முழுச் சாலைக்கும் புது மேற்பரப்பு போடுவதே நீண்டகால நோக்கில் சிக்கனம் என்பது பொறியாளர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆண்டு பட்ஜெட்டில்தான் அதற்கு இடமிருப்பதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளூர்ச் சாலைகளில் தேங்கிக் கிடக்கும் வேலையை முடிக்க 1,681 கோடி பவுண்டு தேவை என்று தார்ச்சாலைத் தொழில் கூட்டமைப்பின் 2025 கணக்கெடுப்பு சொன்னது. கணக்குப் போட்டவர்கள் தார் விற்பவர்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

2025-26-க்கு மத்திய அரசு இங்கிலாந்தின் உள்ளூர்ச் சாலைப் பராமரிப்புக்கு ஏறக்குறைய 160 கோடி பவுண்டு ஒதுக்கியது. பணத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்று வெளியிடாத கவுன்சில்களுக்கு, முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக ஒதுக்கிய தொகையில் கால்பங்கு நிறுத்தப்படும் என்றும் அறிவித்தது.

காயமடைந்தவருக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். பள்ளத்தின் மேல் ஓர் அளவுகோலை வைத்து அன்றே படம் எடுத்துக்கொள்வது நல்லது. மறுநாளே அது மூடப்பட்டுவிடக்கூடும். ஆய்வுக் குறிப்பேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கவுன்சிலிடமே கேட்டுப் பெறலாம்.