சிறு பாய்மரப் படகு: விலையைப் பார்ப்பதா, அடியைப் பார்ப்பதா?

பாய்மரப் படகில் உல்லாசப் பயணம் என்றதும், அது செல்வர்களுக்கே உரியது என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. பிரிட்டனில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1963ஆம் ஆண்டில் லண்டன் நாளிதழான 'டெய்லி மிரர்' ஒரு சிறு படகை அறிமுகப்படுத்தியது. ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் ஆகிய இருவர் வடிவமைத்த அப்படகின் நீளம் 3.3 மீட்டர். பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசின் கொண்டு ஒட்டினால் படகு உருவாகிவிடும். தச்சுத் தொழில் அறியாதவரும் வீட்டுக் கொட்டகையிலேயே அதைக் கட்ட முடிந்தது. பொருள்கள் அனைத்தும் அடங்கிய தொகுப்பின் தொடக்க விலை 63 பவுன் 11 ஷில்லிங். செந்நிறப் பாய் கொண்ட இந்த 'மிரர்' படகுகள் 70,000க்கும் மேல் கட்டப்பட்டுள்ளன.

இதில் பழகியவர்களுள் பலருக்கு அடுத்த ஆசை ஒன்று பிறக்கும். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே துறை விட்டுத் துறை சென்று, இரவில் படகிலேயே படுத்துறங்கி, சில நாள் கழித்து ஊர் திரும்ப வேண்டும் என்பதே அது. அதற்கு எந்தப் படகு வாங்குவது? குறைந்த வருவாய் உள்ள குடும்பத்திற்கு இது பெரிய கேள்வி. தவறாகத் தேர்ந்தால் சேமிப்பு கரையும். சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து நேரும். பெரும்பாலோர் முதலில் விலையைப் பார்ப்பார்கள், பிறகு நீளத்தைப் பார்ப்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நீருக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியைத்தான். காரணத்தைக் காண்போம்.

காற்று தள்ளும், ஏரா தடுக்கும்

ஒரு தட்டையான மரத்துண்டை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டில் ஊதுங்கள். அது நேரே பக்கமாக நகர்ந்துவிடும். இப்போது அதன் அடியில் நீளவாக்கில் ஒரு தகரத் தகட்டைச் செருகி மீண்டும் ஊதுங்கள். பக்கமாக நகர்வது வெகுவாகக் குறைந்திருக்கும். பாய்மரப் படகின் அடியிலும் இத்தகைய தகடு உண்டு. ஆங்கிலேயர் அதைக் கீல் என்பர். தமிழில் அதற்கு ஏரா என்று பெயர். பக்கவாட்டில் தள்ளும் காற்றின் விசையை முன்னோக்கிய இயக்கமாக மாற்றுவதற்குப் பாய் மட்டும் போதாது, ஏராவும் வேண்டும்.

ஏரா ஆழமாக இருந்தால் படகு காற்றை எதிர்த்து நன்றாக முன்னேறும். அப்படியானால் ஆழமான ஏராவே சிறந்தது என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. இங்கே கடல் ஓதம் குறுக்கிடுகிறது.

சென்னைக் கடற்கரையில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயிலோ பெரு ஓத நாள்களில் அது 12 மீட்டரையும் தாண்டுகிறது! பிரிட்டிஷ் கரையோரத்தில் பல சிறு துறைகள் ஆறு மணி நேரம் நீர் நிறைந்தும், அடுத்த ஆறு மணி நேரத்தில் வெறும் சேறாகவும் காட்சியளிக்கும். அங்கே ஆழமான ஒற்றை ஏராப் படகை நிறுத்தினால், நீர் வற்றியதும் அது பக்கவாட்டில் சாய்ந்து விழும்.

இதற்குத் தீர்வாக வந்ததே இரட்டை ஏராப் படகு. அடியில் இருபுறமும் இரண்டு குட்டையான ஏராக்கள் இருப்பதால், நீர் வற்றினாலும் அது இரு கால்களில் நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்கும். 1969இல் வெளிவந்த 'வெஸ்டர்லி சென்டார்' இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் நீளம் சுமார் 8 மீட்டர்; நீருக்குள் அமிழும் ஆழம் 0.9 மீட்டர் மட்டுமே. 2,000க்கு மேற்பட்ட சென்டார்கள் கட்டப்பட்டன. காற்றை எதிர்த்துச் செல்வதில் இரட்டை ஏரா சற்றுப் பின்தங்குவது அதன் குறை.

மூன்றாவது வகை, மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய ஏரா. ஆழ்நீரில் அதை இறக்கலாம். கரையை நெருங்கும்போது தூக்கலாம். அதன்பின் படகு மணலிலேயே ஏறி நிற்கும். அடி ஆழமில்லாத நம் கட்டுமரம் அலைகளினூடே வந்து மணற்கரையில் ஏறுவதும் இதே தத்துவத்தால்தான். ஆனால் ஏராவைத் தாங்கும் பெட்டி படகின் நடுவே இடத்தை அடைத்துக்கொள்ளும். கூழாங்கல் புகுந்தால் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

கவிழ்ந்தால் நிமிருமா?

ஏராவுக்கு மற்றொரு வேலையும் உண்டு. பெரிய படகுகளில் அது இரும்பாலோ ஈயத்தாலோ ஆன அடிப்பாரமாகவும் அமைகிறது. தலையாட்டி பொம்மையைச் சாய்த்தால் அது தானே நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அடிப்பாரம் படகை நிமிர்த்துவதும் அவ்வாறே.

சிறு திறந்த படகுகளில் அடிப்பாரம் இராது; பயணிகள் உடலைச் சாய்த்தே சமநிலை காக்க வேண்டும். 1957இல் இயன் பிராக்டர் வடிவமைத்த 'வேஃபேரர்' அத்தகையது. நீளம் 4.8 மீட்டர். அதில் ஃபிராங்க் டை என்பவர் ஒரு துணைவருடன் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கே சென்றார்! அடுத்த ஆண்டு நார்வே பயணத்தில் புயலில் படகு பலமுறை கவிழ்ந்தது, பாய்மரம் முறிந்தது. எனினும் கரை சேர்ந்தனர். அது அவர்களது தேர்ச்சியின் விளைவு, புதியவர் பின்பற்றத்தக்கதன்று. திறந்த படகு வாங்குபவர், ஆழமற்ற அமைதியான நீரில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, அதை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும். நிமிர்த்த முடியாத படகில் குடும்பத்தை ஏற்றலாகாது. எந்தப் படகாயினும் உயிர்காப்பு மேலங்கி கட்டாயம் வேண்டும்.

நீளம் கூடினால் வேகம் கூடுமா?

கூடும், ஆனால் மிகச் சிறிதளவே. படகு நகரும்போது முன்னும் பின்னும் அலைகளை எழுப்புகிறது. வேகம் ஓர் எல்லையை எட்டியதும், தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டிய நிலை அதற்கு வந்துவிடுகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.4ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் ஏறக்குறைய நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். நீர்மட்ட நீளம் 4.5 மீட்டரானால் வேகம் சுமார் 5 நாட், 6.5 மீட்டரானால் சுமார் 6 நாட். இரண்டு மீட்டர் கூட்டியும் கிடைத்தது ஒரே ஒரு நாட்!

செலவோ அப்படி உயர்வதில்லை. எல்லா அளவுகளையும் இருமடங்காக்கினால், சாயம் பூச வேண்டிய பரப்பு நான்கு மடங்கும், கொள்ளளவு எட்டு மடங்கும் ஆகும். பாய், கயிறு, நங்கூரம் அனைத்தும் பெருக்கும். படகுத்துறைக் கட்டணமும் பெரும்பாலும் நீளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஓத நீரோட்டம் 3 நாட் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். 5 நாட் வேகப் படகு அதை எதிர்த்துச் சென்றால் கரையைப் பொறுத்து 2 நாட்தான் முன்னேறும். கூடவே சென்றால் 8 நாட்! ஆகவே நீரோட்டம் திரும்பும்வரை சில மணி நேரம் காத்திருப்பவர், பெரிய படகு வாங்குபவரைவிட அதிகம் பெறுகிறார். காத்திருப்பதற்குக் காசு வேண்டாம். ஓத அட்டவணை இருந்தால் போதும்.

பழைய படகு வாங்குவோர் கவனிக்க

கண்ணாடி இழைப் படகுகள் மரத்தைப் போல் உளுத்துப்போவதில்லை. ஐம்பது ஆண்டு கண்ட படகுகளும் இன்று பயன்பாட்டில் உள்ளன, விலையும் குறைவு. எனினும் சிலவற்றைச் சோதிக்க வேண்டும்.

நீர் மெல்ல ஊடுருவி, பிசினில் உள்ள சில பொருள்களைக் கரைத்து, அடிப்புறத்தில் கொப்புளங்களை உண்டாக்கும். இதனால் படகு உடனே மூழ்காது. ஆனால் பழுது பார்க்கச் செலவாகும். மேல்தளத்தில் நடக்கும்போது கால் அமுங்கினால் உள்ளிருக்கும் மரம் ஊறிவிட்டது என்று பொருள். ஏரா உடலோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அடியைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் அடைப்பான்கள் பித்தளையாயின், உப்புநீர் துத்தநாகத்தை அரித்துவிடும். எஞ்சுவது இளஞ்சிவப்பான, எளிதில் நொறுங்கும் செம்பு. அது உடைந்தால் கடல் உள்ளே வரும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றுவது வழக்கம். இவற்றையெல்லாம் அறிந்த ஆய்வாளர் ஒருவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

'இலவசம்' என்று கிடைக்கும் படகிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. புதிய பாய், கம்பி, இயந்திரம் ஆகியவற்றின் விலை நல்ல படகொன்றின் விலையை எளிதில் மிஞ்சிவிடும். மேலும் கண்ணாடி இழையை உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. பயனற்ற படகை அகற்றும் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

இப்போது தொடங்கிய இடத்திற்கு வருவோம். ஆழமாக அமிழும் படகுக்கு எப்போதும் ஆழ்நீருள்ள துறை வேண்டும். அங்கே ஆண்டுக் கட்டணம் அதிகம். சேற்றில் நிமிர்ந்து நிற்கும் படகுக்கு வற்றும் சிற்றோடையில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கும். ஏராவைத் தூக்கிக்கொள்ளும் சிறு படகை வண்டியில் ஏற்றி வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவிடலாம். துறைக் கட்டணமே இல்லை. விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். துறைக் கட்டணத்தை ஆண்டுதோறும் கொடுக்கிறோம். எனவே உங்கள் கரையில் தாழ் ஓதத்தின்போது எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். அந்த ஆழத்திற்குப் பொருந்தும் அடியுடைய படகே உங்களுக்குக் கட்டுப்படியாகும் படகு.