எழுதிக் கொடுக்கும் முன்

தாராபுரத்தில் கோட்டாட்சியர் அலுவலகம் என்றால் பட்டா மேல்முறையீட்டுக்கும் வழித்தடத் தகராறுக்கும் ஜனங்கள் ஏறி இறங்கும் இடம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதே அலுவலகம் தாராபுரம், காங்கேயம் வட்டங்களில் வாழும் வயோதிகர்களுக்குத் தீர்ப்பாயமாகவும் இருக்கிறது என்பதும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட தாயோ தகப்பனோ தம் குறையைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால், விசாரித்து மாதாந்திர ஜீவனாம்சத்துக்கு உத்தரவிடவும், எழுதிக் கொடுத்துவிட்ட சொத்தைச் சில சந்தர்ப்பங்களில் திருப்பித் தரச் செய்யவும் அங்கே அமர்ந்திருக்கும் அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது என்பதும், அந்த உதவி யாருக்கு மிகவும் வேண்டியதோ அவர்களுக்கே தெரியாமல் இருப்பது பெரிய பரிதாபம்.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் ஒரு முதியவரின் சுதந்திரம் எந்தத் தருணத்தில் கைநழுவிப் போகிறது என்று யோசித்துப் பார்த்தால், அது நோய் வந்த நாளிலோ கால் தளர்ந்த நாளிலோ அல்ல, பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்த நாளில்தான் என்பது என் அபிப்பிராயம். ஆயுள் முழுவதும் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பாய்ச்சி, சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைவித்து, கொறங்காட்டில் மாடு மேய்த்துச் சேர்த்த நாலைந்து ஏக்கரை, "ஏனுங்க, இருக்கறது ஒரே பையன், எப்படியும் அவனுக்குத்தானுங்க, இப்பவே எழுதி வெச்சுட்டாப் பின்னாடி தொந்தரவு இல்லைங்களே" என்று சொல்லிக்கொண்டு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். குடும்பத்தாருக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் குறைவு என்பதும், பிறகு வாரிசுச் சச்சரவு வராது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படும் காரணங்கள். இரண்டும் உண்மையே. ஆனால், பதிவாகி ஏற்றுக்கொள்ளப்பட்ட தான செட்டில்மெண்ட் அன்றைக்கே சொத்தின் உரிமையை மாற்றிவிடுகிறது என்பதையும், மனஸ்தாபம் வந்தபின் எழுதிக் கொடுத்தவர் மட்டும் தனியே போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது என்பதையும், யாரும் அந்த நேரத்தில் அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை.

உயில் அப்படிப்பட்டதல்ல. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையதே. மனம் மாறினால் அதை ரத்து செய்யலாம், வேறு எழுதலாம். சாட்சிகள் இருவர் கையெழுத்திட்டால் போதும், பதிவு செய்வது கட்டாயம் கூட இல்லை, செய்தால் பின்னாளில் பலம். இப்போதே எழுதித் தந்தாக வேண்டும் என்று குடும்ப நிலைமை நிர்ப்பந்திக்குமானால், பத்திரத்தில் இரண்டே விஷயங்களைச் சேர்த்துவிட்டால் நிலைமை அடியோடு மாறிவிடும். ஒன்று, தம் ஆயுள் பரியந்தம் மேற்படி சொத்தைத் தாமே அனுபவித்து அதன் வருமானத்தைத் தாமே அடைந்துகொள்வதாக உரிமையை ஒதுக்கி வைப்பது. மற்றொன்று, சொத்தைப் பெறுகிறவர் தமக்கு உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் ஆகியவற்றைக் குறைவின்றிக் கொடுத்து வர வேண்டும் என்றும், தவறினால் இந்த ஆவணம் ரத்தாகத் தக்கது என்றும் தெளிவாக எழுதுவது. இவ்வளவுக்கும் பத்திர எழுத்தருக்கு நாலு வரிதான் கூடுதல் வேலை. பெற்ற பிள்ளையிடம் இப்படி எழுதி வாங்குவது அவமரியாதை என்று கருதுகிறவர்கள் உண்டு. காப்பாற்றப் போகிற பிள்ளைக்கு அந்த நாலு வரியால் எந்த நஷ்டமும் இல்லை.

அந்த வரிகளுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவற்றின் மீதுதான் நிற்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் ஒரு முதியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, சொத்தைப் பெற்றுக்கொண்டவர் அதைச் செய்யத் தவறினால், அந்த ஆவணம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகக் கருதப்பட்டுச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம் என்பது அப்பிரிவின் சாரம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படாதிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பல ஆண்டுகளாக நீதிமன்றங்களை அலைக்கழித்து வருகிறது. அத்தகைய நிபந்தனை இருந்ததென்று காட்டினால்தான் 23-ஆம் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. நம் திருப்பூர் மாவட்டத்திலிருந்தே போன ஒரு வழக்கில், 2023 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், பெற்றோர் பிள்ளைக்குச் சொத்து எழுதுவதே அன்பையும் பாசத்தையும் முன்னிட்டுத்தான் ஆதலால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதனுள் மறைமுகமாக அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தார். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், இதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறிச் சொத்தை அவருக்குத் திரும்பக் கொடுக்க உத்தரவிட்டது. ஆனால் அந்தத் தாயின் கையில், கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனியே எழுதிக் கொடுத்த ஓர் உறுதிப் பத்திரம் இருந்ததென்று அவர் தரப்பில் காட்டப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. நீதிபதிகளின் கருணையை நம்பி எண்பது வயதில் படியேறுவதைவிட, எழுபது வயதிலேயே எழுதி வைத்துக்கொள்வது எத்தனையோ மேல்.

ஞாபகம் தடுமாறத் தொடங்கிய முதியவர்களின் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். உயிலோ செட்டில்மெண்டோ எழுதும் சமயத்தில் தெளிந்த புத்தியோடு இருந்தார் என்று மருத்துவர் அத்தாட்சி ஒன்று வாங்கி வைத்தால் பிற்காலத்து வழக்குகள் பாதி குறையும்.

இனி அந்தத் தீர்ப்பாயத்தைப் பற்றி. சட்டம் மகனுக்கும் மகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும், அவர்கள் மேஜரானவர்களாக இருந்தால், ஒரே கடமையை விதிக்கிறது. சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று என்று மகளோ, தங்கைக்கும் பங்கு உண்டே என்று மகனோ தட்டிக் கழிக்க இடமில்லை. பெற்றோராக இருந்தால் அறுபது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளை இல்லாத முதியவர், தம் சொத்தைத் தற்போது அனுபவிக்கிற அல்லது தமக்குப்பின் அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். மகன் பெங்களூரில் இருந்தாலும் மனுவைத் தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். நடுவில் இடைக்கால ஜீவனாம்சமும் உண்டு. முதலில் சமரசத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். உத்தரவாகும் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை; இன்றைய விலைவாசிக்கும் வைத்தியச் செலவுக்கும் இந்த வரம்பு போதாது என்பதைச் சொல்லியே தீர வேண்டும். உத்தரவை மதிக்காத பிள்ளைக்கு ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது மூன்று மாதச் சிறைக்கோ 5,000 ரூபாய் அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய அவசியமில்லை. ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் தாராபுரம் நீதிமன்ற வளாகத்து வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேட்கலாம், பெண்களுக்கு வருமானம் பாராமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

சொத்தே இல்லாதவர்களுக்கு வேறு வாசல். 1962-இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயோடு தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்ற அறுபது வயதினர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கையில் ரொக்கம் வைத்திருப்பவர்களுக்கோ ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. திருப்பூரில் பாசி நிதி நிறுவனமும், பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணையும் எத்தனை குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பை விழுங்கின என்பதைக் கொங்கு மண்டலம் மறந்திருக்க முடியாது. பாசி 2009-இல் சரிந்தது. அதை நடத்தியவர்களுக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறை விதித்தது 2022-இல். எழுபது வயதில் பணம் கட்டிய ஒருவர் அந்தத் தீர்ப்பைக் கேட்க எண்பத்து மூன்று வரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களுக்கென்று அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. இதைவிட அதிகம் தருவதாக வீடு தேடி வருகிறவரிடம் திண்ணையிலேயே விடை கொடுத்து அனுப்பிவிடுவது நலம். போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் 'டிஜிட்டல் கைது' செய்கிறவர்கள் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள். அப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

தோட்டத்துச் சாளைகளில் தனியே வாழும் முதிய தம்பதிகளை நினைத்தால் மனம் பதறுகிறது. பிள்ளைகள் திருப்பூர்க் கம்பெனிகளிலும் கோவையிலும் கடல் கடந்தும் இருக்க, கூப்பிடு தூரத்தில் ஒரு வீடும் இல்லாத தோட்டத்தின் நடுவே, ஆடு மாடுகளை விட்டு வர மனமில்லாமல் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் முதிய தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு முதிய தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்களுக்குப் பல்லடம் சம்பவத்திலும் தொடர்பு உண்டென்று காவல்துறை அறிவித்தது. ஆகவே தனியே இருக்கும் முதியோர் தங்கள் பெயரையும் தோட்டத்தின் வழியையும் காவல் நிலையத்தில் பதிந்து வைத்து இரவு ரோந்து கேட்டுப் பெறுவதும், நகையை வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றிவிட்டு அது வீட்டில் இல்லை என்பது நாலு பேருக்குத் தெரியும்படி நடந்துகொள்வதும், நள்ளிரவில் நாய் வழக்கத்துக்கு மாறாகக் குரைத்தாலோ மோட்டார் தானே நின்றாலோ கதவைத் திறந்து வெளியே வராமல் முதலில் அக்கம்பக்கத் தோட்டத்துக்குப் போன் செய்வதும் இன்று அவசியமாகிவிட்டன. பிள்ளைகள் வெளியூரிலிருந்து செய்ய வேண்டியது, காலையிலும் இரவிலும் தவறாமல் ஒரு போன். எடுக்காவிட்டால் உடனே போய்ப் பார்க்க உள்ளூரில் ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும்.

அதே சாளையில் கொள்ளையரைவிட அடிக்கடி வரும் சத்துரு ஒன்று உண்டு. அது வாசலுக்கு அப்பாலுள்ள குளியலறை. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்காக எழுந்து, தூக்கக் கலக்கத்தில், விளக்கில்லாத வாசலைத் தாண்டி, தொட்டித் தண்ணீர் சிந்திப் பாசி பிடித்த கடப்பைக் கல்லில் கால் வைக்கும் எழுபத்தைந்து வயது மனிதருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் அவர் பிறர் கையை எதிர்பாராமல் நடப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கண்டவர்கள் அறிவார்கள். சுவரில் இரண்டு கைப்பிடிக் குழாய், சொரசொரப்பான தரை, இரவு முழுதும் எரியும் ஒரு சிறிய விளக்கு, உட்கார்ந்து எழ உயரமான கழிவறை: ஒரு கொத்தனாருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், ஆதலால் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் விழும் அபாயத்தை அதிகரிப்பவை. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, எது இன்னும் வேண்டும், எதை நிறுத்தலாம் என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்பது நல்லது. கண்புரைச் சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. வயதாகிவிட்டதே என்று ரசஞ்சோற்றோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்குத் தசை கரைந்து கால் வலுவிழக்கிறது. கொள்ளுப் பருப்பும் பாசிப்பயறும் முட்டையும் நம் சமையலறைக்குப் புதியவை அல்ல. மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்களுக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பெயர் பட்டியலில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இதைப் படிக்கத் தெம்பில்லாதவர்களுக்காக, அவர்களுக்கு அண்டையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. அடி வாங்குகிற, பட்டினி கிடக்கிற, மாட்டுக் கொட்டகையில் படுக்க வைக்கப்பட்டிருக்கிற ஒரு முதியவரைப் பற்றித் தெரிந்தால், 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், கட்டணமில்லை. தாமே மனுச் செய்ய இயலாத முதியவர் சம்மதம் கொடுத்தால், அவர் சார்பில் வேறு எவரும் கோட்டாட்சியரிடம் விண்ணப்பம் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எவரும் கொடுக்காவிட்டாலும் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு அந்த முதியவர் எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்ற செய்தி மட்டும் அங்கே போய்ச் சேர வேண்டும்.